கொடியடுப்பில் வேகாத பயறு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு சர்க்கரையில் ஆரம்பித்து மூட்டுவலியில் போய் நிற்கிறது. இப்போது புதிதாகப் புரதமும் சேர்ந்துகொண்டது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பள்ளித் தோழி ஒருத்தி, "ராஜ்மா சாப்புடு புள்ள, கறி தின்ன மாதிரி தெம்பு" என்று என் காதருகே ஓதிக்கொண்டே இருந்தாள். இலையில் விழுந்ததை நான் ஓரமாக ஒதுக்கினேன். "ஏன், பயமா?" என்று சிரித்தாள். பயம் ஒன்றும் இல்லை. இந்த ஜில்லாவிலேயே அந்தப் பயறை முதலில் விளைவித்துத் தின்றவர்கள் எங்கள் வீட்டார்தான் என்று அடித்துச் சொல்வேன். ஆனால் அது பந்தியில் உட்கார்ந்து சொல்லக்கூடிய கதை இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். அப்பா லாரி டிரைவர். டெல்லி, பஞ்சாப் என்று வடக்கே வண்டி எடுத்தால் வீடு திரும்ப ஒரு மாதத்துக்கு மேலாகும். அதனால் வீட்டு அதிகாரம் அத்தையிடம். அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபின் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். என் அம்மா தம்பியைப் பெற்ற கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவனைத் தூக்கி வளர்த்தது அத்தைதான். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தம்பி இரண்டு தும்மல் தும்மினால் அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது அப்பா இரண்டாந்தாரமாகச் சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். ஏரியூர்ப் பக்கத்துப் பெண். தாய் தகப்பன் இல்லாமல் அண்ணன் வீட்டில் வளர்ந்தவள். தாலி கட்டி பஸ் ஏற்றும்போதே அந்த அண்ணன் எல்லார் காதிலும் விழும்படி சொன்னானாம்: "இத்தோட உனக்கும் எனக்கும் தீந்துது. கண்ணக் கசக்கிக்கிட்டு வந்து நின்னா கதவத் தொறக்க மாட்டேன்." அந்த வார்த்தையை அத்தை வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிக் காட்டுவாள். இந்த வீட்டை விட்டால் சின்னம்மாவுக்குப் போக்கிடம் கிடையாது என்பது எங்கள் வீட்டில் தம்பிக்குக்கூடத் தெரியும்.

சின்னம்மா நெட்டை. எங்கள் வீட்டு நிலைவாசலுக்கு அவள் ஒருத்திதான் குனிவாள். ஆள் உயரத்துக்குக் குரல் இல்லை. யோசனை வந்தால் முந்தானை முனையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். வந்து ஆறேழு மாதம் ஆகியும் விருந்தாளி மாதிரிதான் புழங்கினாள். உப்பு எடுக்கவும் அத்தையைக் கேட்பாள். தம்பி அவள் பக்கமே போக மாட்டான்.

அந்த வருஷம் ஆவணியில் அப்பா வடக்கிலிருந்து வந்தபோது ஒரு சின்னத் துணிப்பையை அவிழ்த்து முறத்தில் கொட்டினார். சிவப்புப் பயறு. புதுச் செங்கல்லை நனைத்தால் ஒரு நிறம் வருமே, அந்த நிறம். நம் காராமணியைவிட மூன்று பங்கு பெரிது. மேல்தோல் எண்ணெய் தடவிய மாதிரி பளபளத்தது. முறத்தைச் சாய்த்தால் கூழாங்கல் உருள்கிற சத்தம்.

"ராஜ்மா. ரோட்டோரத்து ஓட்டல்காரன் குடுத்தான். இதத் தின்னுட்டுத்தான் சர்தாருங்க மலையாட்டம் இருக்கறாங்க" என்றார் அப்பா.

"கல்லாட்டம் இருக்குது. கோழிகூடக் கொத்தாது" என்றாள் அத்தை.

அப்போதுதான் சின்னம்மா வாயைத் திறந்தாள். "நான் போட்டுப் பாக்கட்டுங்களா?"

அவள் அந்த வீட்டில் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. அத்தை உதட்டைப் பிதுக்கினாள். அப்பா, "போடேன், யாரு வேணாங்கறது" என்றார்.

நிலத்தில் ராகியும் கடலைக்காயும் இருந்தன. அதில் கை வைக்க முடியாது. வீட்டுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு துண்டு நிலம், கல்லும் முள்ளுமாகக் கிடந்தது. சின்னம்மா கல்லைப் பொறுக்கி வரப்பாக அடுக்கினாள். எருவை முந்தானையில் கட்டிக் கொண்டுவந்து கொட்டினாள். ஐப்பசியில் நல்ல மழை ஒன்று விழுந்ததும் விரல்கணு ஆழத்தில் ஊன்றினாள். நானும் ஊன்றினேன். "கண்ணு கீழ பாத்த மாதிரி வெய்யி" என்றாள். பயறின் வயிற்றுப் பக்கம் வெள்ளையாக ஒரு புள்ளி இருக்கும், அதுதான் கண். மண்ணுக்குள் போனபின் அது எந்தப் பக்கம் திரும்பினால் என்ன என்று இன்று தோன்றுகிறது. அன்று பயபக்தியோடு வைத்தேன்.

முளைத்தது. இடுப்பளவு கூட வளராத குத்துச்செடி. இலையில் அசுவினிப் பூச்சி அப்பியபோது விடியலில் பனியோடு சாம்பல் தூவினாள். குரங்கு வந்தால் தகர டப்பாவைத் தட்டுவது தம்பியின் வேலை. அந்தச் சாக்கில்தான் அவன் அவளிடம் பேசத் தொடங்கினான். மார்கழியில் காய் முற்றிக் காய்ந்து மஞ்சளானது. விரலால் நெரித்தால் தெறித்து ஓடும். ஓடியதைத் தேடித் தேடிப் பொறுக்கி, யாருக்கு அதிகம் என்று தம்பியும் அவளும் சண்டை போட்டார்கள். ஒரு நாள் அவன் அவள் மடியிலேயே தூங்கிப்போனான். அத்தை வந்து பார்த்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அத்தையின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. கோபம் இல்லை. கையில் இருப்பதை யாரோ பிடுங்கப் போகிறார்கள் என்ற முகம்.

இங்கே எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கேஸ் வந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பெரிய அடுப்பில் தீ எரியும். அதற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல் கொடியடுப்பு. அதற்குத் தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பின் அனல் உள்வழியாக வந்து லேசாகச் சுடும், அவ்வளவுதான். பெரிய அடுப்பு களிக்கும் சுடுதண்ணீருக்கும். பயறு எதுவானாலும் கொடியடுப்பில்தான். மத்தியானம் வைத்தால் பொழுது சாயும்போது குழைந்திருக்கும். அத்தை காலத்துச் சட்டம். விறகும் அத்தை கணக்கு. காய்ந்த துவரைமார்க் குச்சியைக்கூட எண்ணித்தான் கொடுப்பாள்.

கார்த்திகையில் வந்து போன அப்பா பொங்கல் கழிந்து மறுபடி வந்தார். "எங்க, உன்னோட ராஜ்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சின்னம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். காலையிலேயே ஊறப் போட்டாள். ஊறின பயறு கட்டைவிரல் தண்டிக்கு வந்தது. மண்சட்டியில் போட்டுக் கொடியடுப்பில் வைத்தாள். வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், மல்லி எல்லாம் அம்மியில் அரைத்து ஊற்றினாள். தெருக் கோடிவரை மணந்தது.

சாயங்காலம் ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். வெளியே மெத்தென்று இருந்தது, நடுவில் நெரிபடவில்லை.

"அக்கா, உள்ள இன்னும் வெறச்சாப்பல இருக்குதுங்க. பெரிய அடுப்புல ஏத்தி ஒரு கொதி வெக்கட்டுங்களா?"

"காராமணி வேவற அடுப்புல இது வேவாதா? களி கிண்டறது எங்க? உங்க அண்ணன் வூட்ல இருந்து வெறகு வண்டி வருதா?"

சின்னம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு சட்டியை இறக்கிவிட்டாள்.

களி உருண்டையும் அந்தக் குழம்பும். ருசி நன்றாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாவாக, லேசான இனிப்போடு. நடுவில் மட்டும் பல்லுக்குக் கொஞ்சம் கடினம், கடலை கடிக்கிற மாதிரி. தம்பி மூன்று தரம் வாங்கித் தின்றான். அப்பா விரலைச் சப்பினார். சின்னம்மா மட்டும் தட்டில் போடவே இல்லை. "வாய் கசக்குதுங்க" என்று ஒரு குவளை மோர் குடித்துவிட்டு எழுந்தாள். அடுப்புக் கட்டி மண்ணை அவள் கிள்ளித் தின்றதை நான் முந்தின நாள்தான் பார்த்திருந்தேன். அதற்கு அர்த்தம் தெரிகிற வயதில்லை எனக்கு.

இரண்டு மணி நேரத்துக்குள் முதலில் தம்பி விழுந்தான். பிறகு நான், பிறகு அத்தை, கடைசியில் அப்பா. குடலைக் கையால் பிடித்து முறுக்குவது போல வலி. வாந்தி, நிற்காமல் வாந்தி. தம்பிக்குக் கண் மேலே செருகிவிட்டது. சின்னம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினாள். செருப்பில்லாமல், நெட்டைக் கால்களை வீசி அவள் ஓடியதை அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்தார்கள். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, "சாப்பாடு ஒத்துக்கல" என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் தம்பி எழுந்து உட்கார்ந்து முறுக்கு கேட்டான்.

நான் அந்தப் பயறின் குணத்தைத் தெரிந்துகொண்டது சில வருஷங்களுக்கு முன், பெங்களூரில் என் மகள் வீட்டுச் சமையலறையில். ஊறிய ராஜ்மாவைக் குக்கரில் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "இது தளதளன்னு நல்லா கொதிக்கணும்மா. வெதுவெதுன்னு வெச்சு எறக்கினா பச்சையா தின்னறதவிட மோசம். ஆளப் பொரட்டி எடுத்துரும்." அவ்வளவுதான் விஷயம். ஒரு கொதி. சின்னம்மா கேட்ட ஒரு கொதி. நான் ஹாலுக்குப் போய் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு அழுதேன்.

அன்று இதெல்லாம் யாருக்குத் தெரியும்? நாலு பேர் தின்றோம், நாலு பேரும் விழுந்தோம். ஆக்கினவள் தின்னவில்லை, அவள் மட்டும் நின்றாள். அத்தைக்கு வேறு என்ன வேண்டும்? "மருந்து வெச்சிட்டா" என்றாள்.

புருஷனை மயக்கவோ ஆளை ஒழிக்கவோ சோற்றில் எதையாவது கலந்து கொடுப்பதை நம் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதை வெளியே எடுக்கவும் ஆள் உண்டு. கடத்தூர்ப் பக்கத்தில் இருந்த ஒருவரிடம் அத்தை தம்பியைத் தூக்கிக்கொண்டு போனாள், நானும் போனேன். ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்து முதுகில் தட்டினார். தம்பி வாந்தி எடுத்தான். அவர் விரலை விட்டுத் துழாவி, சிவப்பாக ஒரு தோலை எடுத்து நீட்டினார். "இதோ இருக்குது பாரு. இன்னும் ஒரு வாரம் வுட்டிருந்தா பையன் இல்ல." அத்தை அவர் காலில் விழுந்தாள். ஒரு வாரத்துக்கு முன் தின்றதன் தோல் இன்னுமா வயிற்றில் இருக்கும் என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை.

அப்பா அதை நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்தார். லாரியை ஒற்றை ஆளாகக் காஷ்மீர்வரை ஓட்டுகிற மனுஷன், அக்கா குரலை உயர்த்தினால் பையன் மாதிரி தரையைப் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் பேச்சு முற்றியது. வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து நின்றார்கள். "எல்லாரும் தின்னமே, நீ ஏண்டி தின்னல?" என்று அத்தை கேட்டாள். சின்னம்மா ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள்.

"வவுத்துல இருக்குதுங்க. அதான் எதுவும் எறங்கல."

"இத்தன நாளா இல்லாம இன்னிக்குத்தான் வாயில வருதா?"

அப்பா ஏதாவது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

"அந்தப் பயறு இன்னும் இருக்குதில்ல, நான் ஆக்கித் தின்னு காட்டறேங்க. எல்லாரும் பாருங்க. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா என்ன இங்கயே இருக்க வுட்டுருங்க" என்றாள் சின்னம்மா.

"ஆக்கு. ஆனா அன்னிக்கு ஆக்கின மாதிரியே ஆக்கணும். அதே சட்டி, அதே அடுப்பு. எதையும் மாத்தினா ஒத்துக்க மாட்டேன்" என்றாள் அத்தை.

நியாயமான நிபந்தனை என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தனை பெண்கள், அத்தனை அடுப்பில் வெந்தவர்கள், ஒருத்திக்காவது நடுவில் வேகாத பயறு மேல் சந்தேகம் வரவில்லை. மனுஷி மேல்தான் வந்தது.

பெரிய அடுப்பில் சுடுதண்ணீர், கொடியடுப்பில் சட்டி. சாயங்காலம் இறக்கினாள். வாசலில் எல்லோர் முன்னும் உட்கார்ந்து தட்டு நிறையப் போட்டுக்கொண்டாள். களிகூட இல்லை, வெறும் பயறு. வேகவேகமாகத் தின்றாள். குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் தட்டை வழித்துத் தின்றாள். பிறகு கையைக் கழுவி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். "பாத்துக்குங்க" என்று சிரிக்கப் பார்த்தாள்.

பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். பேச்சு மழை, மாடு என்று எங்கெங்கோ போனது. நான் சின்னம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கேற்றுகிற நேரத்தில் அவள் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. முந்தானையைப் பல்லில் கடித்தாள். தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. வந்ததை அவள் விழுங்கினாள். வெளியே விடாமல் திரும்ப விழுங்கினாள். மறுபடி வந்தது, மறுபடியும் விழுங்கினாள். அடுத்த தரம் முடியவில்லை. கை, மடி, தரை எல்லாம் சிவப்பு.

"அவ வெச்ச மருந்து அவளுக்கே திரும்பிடுச்சு" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. சின்னம்மாவுக்கு ஒன்றும் ஆகாமல் போயிருந்தால் மாற்று மருந்து தின்றிருப்பாள் என்று சொல்லியிருப்பார்கள். இதையும் நான் வளர்ந்தபிறகுதான் யோசித்தேன். எப்படியும் அவளுக்கு வழி இல்லை.

அப்பா எழுந்து வந்தார். "காத்தால மொத பஸ்சுக்குக் கெளம்பு" என்றார். மறுநாள் விடியுமுன் அவள் தள்ளாடித் தள்ளாடி எழுந்து, அந்தச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். வாசலைத் தண்ணீர் தெளித்துக் கூட்டினாள். தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். கதவருகே நின்று அவனைப் பார்த்தாள், கிட்டே போகவில்லை. என்னிடம், "பள்ளிக்கொடத்துக்கு நேரமாச்சுன்னா பழையது கரைச்சு வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ கண்ணு" என்றாள். குனிய மறந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டாள். அவள் போனபின் அத்தை மிச்சப் பயறைக் குழிவெட்டிப் புதைத்தாள். செடிகளையும் பிடுங்கி அதன் மேலே போட்டாள்.

அண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. கதவைத் திறக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் படுக்க விட்டான். பகலில் கூலிக்குப் போனாள், வயிறு பெருத்தபிறகும் போனாள். ஆவணியில் பிரசவத்தில் தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்று அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போன ஆள் வந்து சொன்னார். அப்பா கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அத்தை பரிமாறினாள். அதன்பிறகு எங்கள் வீட்டில் சின்னம்மாவைப் பற்றி ஒரே ஒரு கதைதான் மிஞ்சியது. பையனைக் காலன் வாயிலிருந்து அத்தை மீட்ட கதை. நல்லது கெட்டது எதற்குக் கூடினாலும் அத்தை அதைச் சொல்வாள். தம்பி இன்றுவரை அதை நம்புகிறான். அவனுக்கு அந்த மடி நினைவில்லை.

மகள் வீட்டில் உண்மை தெரிந்த பிறகு நான் ஊருக்குப் போனேன். அத்தை செத்து வெகு காலமாகியிருந்தது. அப்பா தம்பி வீட்டில் இருந்தார், காது மட்டும் கொஞ்சம் மந்தம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பயறு, கொதி, கொடியடுப்பு. அவர் இடிந்துபோவார் என்றும், நான் அவர் கையைப் பிடித்துத் தேற்ற வேண்டியிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டு போயிருந்தேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அடுத்த நடையிலயே. மாசி மாசம் அந்த ஓட்டல்காரன்கிட்ட சொன்னேன், நீ குடுத்தது எங்க குடும்பத்தையே கவுத்துடுச்சுன்னு. அவன் சிரிச்சான். நல்லா கொதிக்க வெக்கலன்னா அப்பிடித்தான்னான்."

"அவ செத்தது ஆவணியிலப்பா."

"ஆமா."

"போயிக் கூட்டியாந்திருக்கலாமே?"

அவர் வேட்டி நுனியைப் பிரித்து முடிந்தார். "இவளக் கூட்டியாந்தா அக்காவ எங்க அனுப்பறது? அவளுந்தான் போக்கெடம் இல்லாதவ."

"அத்தைகிட்ட உண்மையச் சொல்லியாவது இருக்கலாமே?"

"எதுக்கும்மா சொல்லணும்? அவளுக்கு மனசு தாங்காது. பாவம், செத்தே போயிருப்பா."

நான் எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டேன். உள்ளே தம்பி மனைவி குக்கரை இறக்கிவிட்டு, "சாப்புட்டுட்டுப் போங்கக்கா" என்று கூப்பிட்டாள். சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதன்பிறகு அப்பா நாலு வருஷம் உயிரோடு இருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை.